ஆர்டி 350-ஆ, ஆர்எக்ஸ் 100-ஆ?

இந்தச் சண்டை எல்லா நண்பர்கள் குழுவுலயும் உண்டு: யமஹா ஆர்டி 350 கெத்தா, ஆர்எக்ஸ் 100 கெத்தா? எனக்கு இப்போ இது வெறும் அரட்டை இல்லை. சிவகாசில இருக்கிற என் தாய்மாமா, 30 வருஷமா ஓட்டுற ஆர்எக்ஸை "நீ எடுத்துக்கிறியா, வித்துரவா?"ன்னு கேக்குறார். முழங்கால் வலி. கிக்கரை மிதிக்க முடியலை.

நான் சின்ன வயசுல இருந்தே ஆர்டி கட்சி. அதனால முதல்ல நம்பரைப் பார்ப்போம்.

ரெண்டும் யமஹா டிசைன், இந்தியாவுல தயாரிச்சது எஸ்கார்ட்ஸ். ரெண்டும் டூ ஸ்ட்ரோக். இன்ஜின் சுத்துற ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை எரியும். ஃபோர் ஸ்ட்ரோக்ல ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான். அந்தத் துடிப்புக்குக் காரணம் இதுதான்.

ஆர்டி இங்கே 1983ல ராஜ்தூத் 350ங்கிற பேர்ல வந்தது. 347 சிசி, ரெண்டு சிலிண்டர், 6 கியர், ஹை டார்க் மாடல்ல 30.5 பிஎச்பி. ஆர்எக்ஸ் வந்தது 1985ல. 98 சிசி, ஒத்த சிலிண்டர், 4 கியர், 11 பிஎச்பி. எடை ஆர்டிக்கு சுமார் 150 கிலோ, ஆர்எக்ஸுக்கு சுமார் 100. அப்போ 100 கிலோவுக்கு ஆர்டி 20 பிஎச்பி தருது, ஆர்எக்ஸ் 11. நேர் ரோட்ல போட்டியே இல்லை. ஆர்டி போயிட்டே இருக்கும்.

இதை மாமாகிட்ட பெருமையா சொன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே, "மாப்ள, ஆர்டியைக் கட்டிப்போட்டுக் குடுத்தான். இதை அவுத்துவிட்டுக் குடுத்தான்"னார்.

சும்மா சொல்றார்னு நினைச்சேன். திரும்பக் கணக்கு போட்டா, மனுஷன் சொன்னது சரி. வெளிநாட்டுல வித்த ஒரிஜினல் ஆர்டி 39 பிஎச்பி. லிட்டருக்கு 112. இங்கே பெட்ரோல் மிச்சம் பிடிக்க 30.5 ஆக்கினாங்க, அப்புறம் லோ டார்க்னு 27. முன்னாடி இருந்த டிஸ்க் பிரேக்கும் டிரம் ஆச்சு. ஹை டார்க்கே லிட்டருக்கு 88தான். நம்ம ஆர்எக்ஸ்? லிட்டருக்கு 112! ஒரிஜினல் ஆர்டியோட அதே நம்பர். சின்ன வண்டி, ஆனா கைவைக்காம வந்த வண்டி.

அதுமட்டும் இல்லை. தீபாவளி சீசன்ல அச்சகத்துல இருந்து லேபிள் கட்டை ஏத்திக்கிட்டு திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டைன்னு பட்டாசு ஆலை ஆலையா அலைஞ்சவர் மாமா. லிட்டருக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டவே யோசிக்கிற ஆர்டியை வச்சு அந்தப் பொழப்பு ஓடியிருக்காது. அந்த ஆர்எக்ஸ் ஓட்டத்துலதான் அத்தையோட ரெண்டு பிள்ளைகளும் காலேஜ் முடிச்சாங்க. என் எக்செல் ஷீட்ல அதுக்கு ஒரு காலம் இல்லை.

ஆர்டி மேல ஆசை போயிருச்சான்னா, இல்லை. அந்த ரெட்டை சைலன்சர் சத்தம் கேட்டா இப்பவும் திரும்பிப் பார்ப்பேன். ஆனா ஆர்எக்ஸை நான் எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டேன். மாமா ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்: "பாலிஷ் போட்டு நிறுத்தி வைக்கிறதா இருந்தா வேணாம். ஓட்டணும்."

அடுத்த வாரம் விருதுநகர் போறேன். அங்கே இருந்து பஸ்ல சிவகாசி. திரும்பி வர்றது ஆர்எக்ஸ்ல. உங்க வீட்டுல இப்படி ஒரு வண்டி நிக்குதா? வாய்ஸ் நோட் அனுப்புங்க. பார்ப்போம்.