கட்டளையும் வாடகை வீடும்

வீடொன்றை வாடகைக்கு எடுப்பவர் வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறார். படையிற் சேர்பவர் தம் நாட்டுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறார். இவ்விரு வாக்குகளும் ஒருநாள் ஒன்றோடொன்று முரணுமாயின் எது நிற்பது, எது விலகுவது? ஐக்கிய அமெரிக்காவில் இக்கேள்வி ஏட்டுக் கேள்வியன்று. ஆண்டுதோறும் படைக் குடும்பங்கள் பல, சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கும் வேளையிலே எதிர்கொள்ளும் கேள்வி அது.

அந்நாட்டில் வீட்டு வாடகை உடன்படிக்கை பெரும்பாலும் ஓராண்டுக்கு எழுதப்படுகிறது. இடையில் விட்டுச் செல்பவர் எஞ்சிய மாதங்களின் வாடகைக்கோ, முறிவுக் கட்டணத்துக்கோ பொறுப்பாளியாகலாம். இடமாற்றக் கட்டளையோ உடன்படிக்கையின் காலத்தைப் பார்த்து வருவதில்லை. ஏனைய உத்தியோகத்தர் மேன்முறையீடு செய்யலாம், தவணை கேட்கலாம், வேலையையே துறந்துவிடலாம். படையினருக்கோ கட்டளையை மீறுதல் குற்றமாகும். சென்ற இடத்தில் ஒரு வாடகை, விட்ட இடத்தில் ஒரு வாடகை என்று இரண்டையும் ஒரே சம்பளத்திலிருந்து கட்டும் நிலை வருமானால், பாதிக்கப்படுவோர் மனைவி மக்களே.

இத்துன்பத்தைச் சட்டம் ஒரே நாளில் உணர்ந்துவிடவில்லை. முதலாம் உலகப் போரின்போது, 1918ஆம் ஆண்டில், போர்வீரர், கடற்படையினர் ஆகியோரின் குடியியற் கடப்பாடுகளுக்கு நிவாரணம் அளிக்கும் சட்டம் அமெரிக்கக் காங்கிரசில் நிறைவேறியது. அதனை வரைவதில் முன்னின்றவர் சட்ட அறிஞர் ஜோன் ஹென்றி விக்மோர். மாத வாடகை 50 டொலருக்கு மேற்படாத வீட்டில் வாழும் வீரரின் குடும்பத்தை, நீதிமன்றத்தின் அனுமதியின்றி வெளியேற்றலாகாது என்று அது விதித்தது. வீட்டில் தொடர்ந்து இருப்பதற்கு அது பாதுகாப்பளித்ததேயன்றி, வீட்டை விட்டுச் செல்வதற்கு வழி செய்யவில்லை. 1940இல் அச்சட்டம் புதுப்பிக்கப்பட்டது. 1942இல் வந்த திருத்தத்தின் பின்னரே, படையிற் சேருமுன் எழுதிய வாடகை உடன்படிக்கையை முடித்துக்கொள்ளும் உரிமை கிடைத்தது. படையில் இருந்துகொண்டே உடன்படிக்கை எழுதியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுப் புதிய சட்டம் வரும்வரை அவ்வுரிமை இருக்கவில்லை.

இன்று இவ்வுரிமை யாருக்கு உண்டு? உடன்படிக்கை எழுதிய பின்னர் படைச் சேவையிற் புகுந்தவருக்கு உண்டு. சேவையில் இருக்கும்போது உடன்படிக்கை எழுதி, பின்னர் நிரந்தர இடமாற்றக் கட்டளை பெற்றவருக்கும், 90 நாட்களுக்குக் குறையாத காலத்துக்குப் படைப் பணிக்கென அனுப்பப்படுபவருக்கும் உண்டு. கட்டளையின்றித் தம் விருப்பப்படி வேறு வீடு பார்த்துக்கொள்பவருக்கு இச்சட்டம் உதவாது.

உரிமை உண்டென்றால் மட்டும் போதாது. அதனைப் பயன்படுத்தும் முறையும் தெரிந்திருத்தல் வேண்டும். வாய்ச்சொல் செல்லாது. எழுத்து மூலம் அறிவித்தல் கொடுத்து, அதனுடன் கட்டளையின் பிரதியையும் இணைத்தல் வேண்டும். நேரிற் கையளிக்கலாம், பெற்றுக்கொண்டமைக்கான சான்றுச் சீட்டு வரும் தபாலிலும் அனுப்பலாம்.

அதன்பின் நாட்கணக்கு வருகிறது. மாத வாடகை வீடாயின், அறிவித்தல் கிடைத்த பின்னர் வரும் அடுத்த வாடகைத் தவணை நாளிலிருந்து 30 நாட்கள் கழிந்ததும் உடன்படிக்கை முடிவடையும். வேர்ஜினியா மாநிலத்து நோபோக் துறைமுகத்திலிருந்து கலிபோர்னியாவின் சான் டியேகோவுக்கு மாற்றப்படும் கடற்படைக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். வாடகை ஒவ்வொரு மாதமும் முதலாந் திகதி செலுத்தப்படுகிறது. யூன் 30ஆந் திகதி அறிவித்தலைக் கையளித்தால், அடுத்த தவணை யூலை 1; பொறுப்பு யூலை 31இல் முடியும். சாமான் கட்டும் பரபரப்பில் இரண்டு நாள் தாமதித்து யூலை 2இல் கையளித்தால், அடுத்த தவணை ஓகஸ்ட் 1. பொறுப்பு ஓகஸ்ட் 31வரை நீளும். இரண்டு நாள் தாமதத்தின் விலை ஒரு மாத வாடகை!

முடிவு நாள்வரையுள்ள வாடகையைக் குடும்பம் செலுத்தியே ஆகவேண்டும். சாதாரணப் பாவனைக்கு மேற்பட்ட சேதத்துக்கும் ஈடு கொடுத்தல் வேண்டும். ஆனால் முன்கூட்டி முடித்தமைக்கெனச் சொந்தக்காரர் எந்தக் கட்டணமும் அறவிட முடியாது. அந்நாளுக்கு அப்பாற்பட்ட காலத்துக்கு முற்கூட்டியே பெற்ற வாடகையை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். சட்டப்படி விலகிச் செல்லும் குடும்பத்தின் வைப்புப் பணத்தையோ உடைமைகளையோ அறிந்துகொண்டே தடுத்து வைப்பவர் அபராதத்துக்கும், ஓராண்டுவரையான சிறைக்கும் உள்ளாகலாம்.

உடன்படிக்கையில் மனைவியோ கணவரோ கூட்டாகக் கையெழுத்திட்டிருந்தால், படையினரின் அறிவித்தல் அவரையும் விடுவிக்கும். உடன் குடியிருந்து கையெழுத்திட்ட நண்பருக்கு அச்சலுகை இல்லை. சேவையிலிருக்கும்போதே உயிர்நீத்த படையினரின் வாழ்க்கைத் துணை, ஓராண்டுக்குள் உடன்படிக்கையை முடித்துக்கொள்ளலாம் என்று 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடமளித்தது. துயரத்தில் ஆழ்ந்த வீட்டின் வாசலில் வாடகைக் கணக்கு வந்து நிற்கலாகாது என்பதே அதன் கருத்து.

இவ்வுரிமைகளை இழக்கும் வழியும் ஒன்று உண்டு. அது கவனியாது இடும் கையெழுத்து. உரிமையைத் துறக்கும் வாசகத்தை வாடகை உடன்படிக்கையினுள்ளே புகுத்தினால் அது செல்லாது. அதனைத் தனிப் பத்திரமாக, பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் பெறல் வேண்டும். ஆகவே, உடன்படிக்கையோடு சேர்த்து வேறொரு தாளும் நீட்டப்படுமாயின் அதனை வாசியாது ஒப்பமிடுதல் ஆகாது. படைத்தளங்களிலுள்ள சட்ட உதவி அலுவலகங்களில் ஆலோசனை பெறலாம்.

வீட்டுச் சொந்தக்காரரின் நியாயத்தையும் மறத்தல் தகாது. ஒரு வீட்டின் வாடகையையே நம்பி வாழும் முதியவரும் சொந்தக்காரராயிருக்கலாம். அதனாலேயே சட்டம் குடும்பத்தை உடனே விடுவியாது, புதிய குடியிருப்பாளரைத் தேடச் சொந்தக்காரருக்கு ஒரு மாதத்துக்குமேல் அவகாசம் அளிக்கிறது. தமக்கு அநீதி நேருமென அவர் கருதினால், முடிவு நாளுக்கு முன் நீதிமன்றத்தை நாடவும் இடமுண்டு.

நாட்டின் காவல் எல்லோருக்கும் பொதுவான நன்மை. அந்த நன்மைக்காகக் கட்டளைக்குப் பணிந்து வீடு பெயரும் குடும்பத்தின் மீதே அதன் செலவு முழுவதையும் சுமத்துதல் நீதியாகாது. சொந்தக்காரரும் அதில் ஒரு சிறு பங்கை ஏற்கட்டும் என்பது அச்சட்டத்தின் தீர்ப்பு. அத்தீர்ப்பின் பயனை அடைவதற்குக் குடும்பம் செய்யவேண்டியது சிறிதே: கட்டளை கைக்குக் கிடைத்ததும், சாமான்களைக் கட்டத் தொடங்குமுன், அறிவித்தலை எழுதிக் கொடுத்துவிடுதல்.