டஸ்ஸர் அந்துப்பூச்சியும் வறண்ட காடும்

தறிகள் ஓயாத ஆர்.கே.பேட்டையில் அந்துப்பூச்சிகளைப் பற்றி ஆராயக் கூடியிருக்கும் இக்கருத்தரங்கு, நூல் தரும் ஓர் உயிரிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். தீபகற்ப இந்தியாவின் இலையுதிர் காடுகளில் பரவி வாழ்வதும், ஆந்தெரேயா மைலிட்டா என அறிவியலார் அழைப்பதுமான டஸ்ஸர் அந்துப்பூச்சியை 1773இல் ட்ரூரி என்னும் ஆங்கிலேயர் விவரித்தார். சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணி தொடங்கிய வில்லியம் ராக்ஸ்பரோ, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் பட்டைப் பற்றி எழுதினார். அன்று முதல் இப்பூச்சி பட்டு தரும் உயிராகவே பெரிதும் படிக்கப்பட்டு வருகிறது. காட்டுயிர் என்ற அளவில் அதற்குக் கிடைத்த கவனம் குறைவே.

பெண் அந்து 150 முதல் 250 வரை முட்டையிடும். பொரிந்து வரும் புழு மருது, கருமருது, சால் ஆகிய மரங்களின் இலைகளை விரும்பித் தின்று, அவை இல்லாத இடத்தில் இலந்தை, நாவல் முதலியவற்றையும் ஏற்று, நான்கு முறை தோலுரித்து, ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் நீளமுள்ள பச்சைப் புழுவாக வளர்கிறது. அதன் பக்கவாட்டில் வெள்ளிபோல் மின்னும் புள்ளிகள் இருந்தும், இலைகளுக்கிடையே அதைக் கண்டுபிடிப்பது எளிதன்று. கூடு கட்டும் முறையே இவ்வினத்தின் தனிச்சிறப்பு. முதலில் சிறு கிளையைச் சுற்றி ஒரு பட்டு வளையம் அமைத்து, அதிலிருந்து உறுதியான காம்பு ஒன்றை இறக்கி, அதன் நுனியில் முட்டை வடிவக் கூட்டைப் புழு தொங்கவிடுகிறது. ஆகவே இலை உதிர்ந்தாலும் கூடு விழுவதில்லை.

அக்கூட்டுக்குள் கூட்டுப்புழு வறட்சிக் காலம் முழுவதும் வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும். இந்நிலையை வளர்ச்சி உறக்கம் எனலாம். மழை வந்ததும் வெளிப்படும் அந்து, கொக்கூனேஸ் என்னும் நொதியால், அதாவது பட்டுப் பசையைக் கரைக்கும் புரதத்தால், காம்பருகே கூட்டை நெகிழ்த்தி வழி உண்டாக்கிக்கொள்கிறது. சிறகு ஒவ்வொன்றிலும் ஒளி ஊடுருவும் கண்புள்ளி கொண்ட இவ்வழகிய பூச்சிக்கு உண்ணும் வாயுறுப்பு செயல்படுவதில்லை. புழுவாக இருந்தபோது தின்றதைக் கொண்டே சில நாள் வாழ்ந்து, இணைந்து, முட்டையிட்டு மடிகிறது. இறகு போன்ற விரிந்த உணர்கொம்புகளையுடைய ஆண், பெண் வெளியிடும் மணத்தை இருளிலும் தொடர்ந்து வந்து சேரும்.

இனி, கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ள செய்தி ஒன்று. டஸ்ஸரைப் பற்றிய அறிவின் பெரும்பகுதி ராஞ்சியிலுள்ள மத்திய டஸ்ஸர் ஆராய்ச்சி நிறுவனத்தையும், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களின் வளர்ப்புத் தோப்புகளையும் சார்ந்தது. அங்கே மனிதர் பறவைகளை விரட்டி, ஊஜி ஈயைத் தடுத்து, விதைக்கூடுகளைத் தேர்ந்தெடுக்கின்றனர். புழுவின் தோல்மீது முட்டையிட்டு, அதன் உடலுக்குள்ளேயே தன் இளம்புழுவை வளரச்செய்யும் இந்த ஊஜி ஈ, காவலற்ற காட்டில் எத்தனை கூடுகளை வெறுமையாக்கும் என்பதைத் தோப்புக் கணக்கு காட்டாது. இவ்வினம் இடத்தையும் காலநிலையையும் பொறுத்து ஆண்டுக்கு ஒன்று, இரண்டு அல்லது மூன்று தலைமுறை காண்பது; ஆகவே தென்மேற்குப் பருவமழையை நம்பிய ராஞ்சியின் நாட்காட்டியை, ஐப்பசி கார்த்திகையிலும் பெருமழை காணும் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு அப்படியே பொருத்துவது தவறு. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஹாம்ப்சன், 1892இல் தொடங்கி இந்திய அந்துகளுக்கு நான்கு தொகுதிகள் எழுதியதைப் போன்ற பொறுமை இன்றும் வேண்டப்படுகிறது.

இங்குள்ள காட்டுக் கூடுகளைப் பொறுமையாகப் பார்த்துப் பதிவு செய்யப் பெருஞ்செலவு தேவையில்லை. நகரி மலைப் பக்கத்துக் குன்றுகளிலும் ஏரிக்கரைகளிலும் மருதும் இலந்தையும் நிற்குமிடங்களை, இலை குறைந்த மாசி, பங்குனி மாதங்களில் உள்ளூர் மாணவர்கள் பார்வையிட்டு, கிளையில் கூடு கண்டால் மரம், நாள், துளையின் இடம் ஆகியவற்றைக் குறித்து வைக்கட்டும். கூட்டை மட்டும் பறிக்காமல் விட்டுவிட வேண்டும்.