‘டேபிள்’ பண்ணலாமா, வேண்டாமா?

ஆஃபீஸ் இங்கிலீஷ் பத்தி ஒரு எபிசோட் போடுங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பத்து இடியம், பத்து அர்த்தம்னு வரிசையா சொல்ற வீடியோ ஏற்கெனவே ஏகப்பட்டது இருக்கு. அதனால இன்னைக்கு ஒரே ஒரு சொல்தான். ‘டேபிள்’. மேசைன்னு நமக்குத் தெரிஞ்ச அதே டேபிள். ஆனா இங்க அது வினைச்சொல். ‘டு டேபிள் சம்திங்’.

இந்தச் சொல்லை நான் தப்பா பயன்படுத்தல. சரியாத்தான் பயன்படுத்தினேன். பிரச்சினையே அங்கதான் ஆரம்பிச்சது.

வேலையில சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். அமெரிக்க கிளையன்ட். அவங்க கிழக்குக் கடற்கரை நேரப்படி தினமும் ராத்திரி 1:30-க்கு ஒரு ஜாப் ஓடும். அன்னைக்கு யாருக்கெல்லாம் சந்தா கட்டணுமோ, அவங்க கார்டுல இருந்து பணத்தை எடுக்கிறதுதான் அதோட வேலை.

கோடைப் படிச்சிட்டிருந்தப்போ ஒரு விஷயம் உறுத்துச்சு. அமெரிக்காவுல நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை, ராத்திரி 2 மணி ஆனதும் கடிகாரத்தை ஒரு மணிக்குத் திருப்பி வைப்பாங்க. அப்போ அந்த ஒரு ராத்திரியில மட்டும் 1:30 ரெண்டு தடவை வரும். எங்க ஜாப் உள்ளூர் நேரத்தைத்தான் பார்க்குது. ரெண்டு 1:30 வந்தா ரெண்டு தடவை ஓடும். ஜனங்க கார்டுல ரெண்டு தடவை பணம் போகும்.

கால்ல பேச எனக்கு அப்போ பயம். அதனால மெயில் போட்டேன். அனுப்புறதுக்கு முன்னாடி நாலு தடவை படிச்சுப் பார்த்தேன். கடைசி வரி இதுதான்: “இன் டுமாரோஸ் கால், ஐ வுட் லைக் டு டேபிள் தி டூப்ளிகேட் ஜாப் இஷ்யூ.” நாளைக்கு இந்த விஷயத்தை எடுத்து வைக்கிறேன், பேசலாம்னு அர்த்தம். பதில் உடனே வந்துச்சு: “ஷ்யூர், நோ ப்ராப்ளம்.”

மறுநாள் வெள்ளிக்கிழமை கால். பேச வேண்டிய விஷயங்கள் பட்டியல் திரையில வந்துச்சு. அதுல என் விஷயம் இல்ல. என் விரல் அன்மியூட் பட்டன் மேலேயே இருந்துச்சு. பெரியவங்க பார்த்துட்டு, இது முக்கியமில்லைன்னு முடிவு பண்ணியிருப்பாங்கன்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். கால் முடிஞ்சது. நான் வாயே திறக்கல.

ஞாயித்துக்கிழமை நம்ம ஊர் நேரம் காலை 11 மணிக்கு ஜாப் ஓடுச்சு. 12 மணிக்கு மறுபடியும் ஓடுச்சு. அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் ராத்திரி வரைக்கும் லாக்-ஐயும் ரீஃபண்ட் லிஸ்டையும் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை, இது முன்னாடியே தெரியுமான்னு விசாரணை. நான் மெயில் போட்டேனேன்னு சொன்னேன். அந்தப் பக்கத்துல இருந்து என் மெயிலையே திருப்பி அனுப்பி, “இதைத் தள்ளி வைக்கச் சொன்னதே நீதானே?”ன்னு கேட்டாங்க. கிண்டல் பண்றாங்கன்னு நினைச்சேன். அப்புறம்தான் அகராதியைத் திறந்தேன்.

பிரிட்டிஷ் ஆங்கிலத்துல ‘டேபிள்’ பண்றதுன்னா ஒரு விஷயத்தை விவாதத்துக்கு முன்வைக்கிறது. நாடாளுமன்றத்துல அவைக்கு நடுவுல இருக்கிற மேசை மேல ஒரு தாளை வைக்கிற பழக்கத்துல இருந்து வந்தது. நாம தமிழ்ல ‘தாக்கல் செய்தார்’னு எழுதுறோமே, அது. அமெரிக்க ஆங்கிலத்துல அதே சொல்லுக்கு நேர் எதிர் அர்த்தம்: இப்போ வேண்டாம், ஒதுக்கி வை. அங்க பிரதிநிதிகள் சபையில ஒரு தீர்மானத்தை டேபிள் பண்ணணும்னு ஓட்டு விழுந்தா, அநேகமா அதோட கதை முடிஞ்சதுன்னு அர்த்தம். கூட்டங்களை எப்படி நடத்தணும்னு அமெரிக்கர்கள் இன்னைக்கும் பார்க்கிற ‘ராபர்ட்ஸ் ரூல்ஸ்’ புத்தகம் 1876-ல வந்தது. அதுலயும் மேசையில வைக்கிறதுன்னா தற்காலிகமா ஒதுக்கி வைக்கிறதுதான். எழுதின ஹென்றி ராபர்ட், அமெரிக்க ராணுவத்துல இன்ஜினியர். நம்ம ஆளு!

இதுல மாட்டினது நான் மட்டும் இல்ல. இரண்டாம் உலகப் போர் சமயத்துல பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு அவசர அறிக்கையை ‘டேபிள்’ பண்ணணும்னு அமெரிக்க அதிகாரிகள்கிட்ட சொன்னாங்க. அமெரிக்கர்கள், கூடாது, இது முக்கியம்னு மறுத்தாங்க. ரெண்டு பக்கமும் ஒரே விஷயத்தைத்தான் கேட்குறோம்னு புரியறதுக்குள்ள பெரிய வாக்குவாதமே நடந்து போச்சு. 1950-ல வெளிவந்த தன்னோட போர் வரலாற்றின் மூணாவது தொகுதியில சர்ச்சில் இதைப் பதிவு பண்ணியிருக்கார்.

சரி, எப்படிப் பயன்படுத்துறது? வாக்கியத்துல பக்கத்துல என்ன சொல் இருக்குன்னு பாருங்க. “தி மினிஸ்டர் டேபிள்ட் தி ரிப்போர்ட் இன் பார்லிமென்ட்.” இந்திய, பிரிட்டிஷ் செய்தின்னா இது தாக்கல் செஞ்சது. “லெட்ஸ் டேபிள் திஸ் அன்டில் மண்டே.” ‘அன்டில்’ வந்துட்டாலே தள்ளி வைக்கிறது. வினைச்சொல்லா இல்லாம வந்தா பயமே வேண்டாம். “தி ஆஃபர் இஸ் ஆன் தி டேபிள்”னா எந்த நாட்டுலயும் அந்த வாய்ப்பு இன்னும் இருக்கு. ‘ஆஃப் தி டேபிள்’னா இல்ல. ‘அண்டர் தி டேபிள்’ பத்தி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல.

ஆனா ரெண்டு நாட்டுக்காரங்க இருக்கிற கால்ல இந்த வினைச்சொல்லையே விட்டுடுங்க. “ஐ வான்ட் டு டிஸ்கஸ் திஸ் டுடே.” “லெட்ஸ் டிஸ்கஸ் திஸ் நெக்ஸ்ட் வீக்.” பார்க்க சாதாரணமா இருக்கும். யாருக்கும் தப்பாப் புரியாது.

அந்தச் சொல்லை நான் எங்கே கத்துக்கிட்டேன் தெரியுமா? தமிழ் மீடியத்துல படிச்ச பையனுக்கு இங்கிலீஷ் வரணும்னு அப்பா வீட்டுக்கு இங்கிலீஷ் பேப்பர் போடச் சொன்னார். தெரியாத சொல்லுக்கு அடிக்கோடு போட்டு, நோட்டுல அர்த்தம் எழுதணும். சட்டமன்றச் செய்தியில வந்த ‘டேபிள்ட்’ அந்த நோட்டுல இருக்கு. அப்பாவும் தப்பு சொல்லித் தரல, பேப்பரும் தப்பா எழுதல. கேட்கிறவர் எந்த ஊர் இங்கிலீஷ்ல வளர்ந்தவர்ங்கிறது மட்டும் அந்த நோட்டுல இல்ல.

ரொம்ப நாள் அந்த ஒரு சொல்தான் என்னைக் கவுத்துடுச்சுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். இப்போ அப்படித் தோணல. வெள்ளிக்கிழமை பட்டியல்ல என் விஷயம் இல்லன்னு பார்த்ததும், உடைஞ்ச இங்கிலீஷ்லயாவது “சார், மை இஷ்யூ?”ன்னு கேட்டிருந்தா போதும். அந்த மூணு சொல்லுக்கு எந்த இடியமும் தேவைப்பட்டிருக்காது.

நாளைக்கு உங்க கால்ல விரல் அன்மியூட் பட்டன் மேல நின்னுச்சுன்னா, அழுத்திடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.