யாரைக் கேட்டு வரைஞ்ச?

(ஓவியப் பட்டறை ஒன்றின் நிறைவில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுவழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



முதல்ல ஒரு விசயத்தைச் சொல்லிடறேன். நான் ஓவியக் கல்லூரி வாசலை மிதிச்சவன் கிடையாது. ரேஷன் கடையில எடை போடுறவன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் படம் போடறேன். முப்பது வருசமா இப்படித்தான். வித்த படம் ஒண்ணுகூட இல்ல, குடுத்த படம் நிறைய. அழைப்பிதழில் என் பேருக்கு முன்னால 'ஓவியர்'னு போட்டிருக்கீங்க, கூச்சமா இருக்கு. இதைப் பொழுதுபோக்குன்னு சொல்றவங்க இருக்காங்க. பொழுது போகாம நான் வரையல தோழர்களே, பொழுதே இல்லாமத்தான் வரையறேன்.

உன் படங்களுக்கு வேர் எது, நீ எப்படி வரையறேன்னு பேசச் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

நான் பார்த்த முதல் படம் எங்க ஆயாவோட கை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பச்சை. கோலம், தேள், வரிசை வரிசையா புள்ளி. ஆயா மடியில படுத்துக்கிட்டு அந்தக் கோட்டுமேல விரலை வச்சு இழுத்துப் பழகினதுதான் என்னோட முதல் ஓவியப் பயிற்சி. மஞ்சள்தூளையும் அகத்திக்கீரையையும் துணியில சுருட்டி, விளக்கெண்ணெயில எரிச்சு, சட்டியில பிடிக்கிற கரியைத் தாய்ப்பால்ல குழைச்சு ஊசியால குத்துவாங்கன்னு ஆயா சொல்லும். ஏன் ஆயா இவ்வளவு வலியைப் பொறுத்துக்கிட்டேன்னு கேட்டேன். "நகையைக் கழட்டுடின்னு சொல்லுவானுங்க. இதைக் கழட்டச் சொல்ல முடியுமா?" அப்படின்னு சொல்லுச்சு.

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கமோ வெள்ளியோ அணியக் கூடாது என்பதுதான் அதில் முதல் தடை. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். எங்க மாவட்டம் வேற. ஆனா ஆயா சொன்னதை வச்சுப் பார்த்தா, எழுதி வைக்காத தடை எங்க பக்கமும் இருந்திருக்குன்னு தெரியுது. சுவர் நம்முடையதில்லை, நிலம் நம்முடையதில்லை. படம் வரைய நம்மிடம் மிச்சமிருந்த இடம் தோல் ஒன்றுதான்.

இதோட மதிப்பு எனக்கு ரொம்ப நாள் தெரியாது. பீகார்ப் பெண்களைப் பத்திப் படிச்சப்பதான் உறைச்சது. 1966-67 பஞ்சத்தின்போது மதுபனிப் பகுதிப் பெண்கள் சுவரில் வரைந்ததைக் காகிதத்தில் வரைந்து விற்க அரசு ஏற்பாடு செய்தது. முதலில் பேர் வாங்கியவர்கள் பார்ப்பன, காயஸ்தப் பெண்கள். ராமன், கிருஷ்ணன், கல்யாண அறைச் சித்திரங்கள் எல்லாம் அவர்களுடையவை. பின்னால் ஜித்வார்பூர் கிராமத்தின் துசாத் சாதிப் பெண்களும் வரைய வந்தார்கள். அவர்கள் அந்த ராமனைப் பார்த்துக் காப்பி அடிக்கவில்லை. தங்கள் கையிலும் காலிலும் குத்தியிருந்த 'கோத்னா' என்கிற பச்சையை எடுத்துக் காகிதத்தில் வைத்தார்கள். தங்கள் குலவீரன் ராஜா சல்ஹேஷ் கதையை வரைந்தார்கள். சானோ தேவி இதில் முன்னோடி. காகிதத்துக்கு அடிப்பூச்சு என்ன தெரியுமா? சாணித் தண்ணி.

சாணின்னதும் எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வரும். சின்ன வயசுல சுவர் எழுதுற ஒருத்தர்கிட்ட எடுபிடியா இருந்தேன். போட்டோமேல கட்டம் போட்டு, அதே கட்டத்தைச் சுவர்ல பெருசாப் போட்டு, கட்டம் கட்டமா முகத்தை எடுக்கிற வித்தையை அவர்தான் சொல்லிக்குடுத்தார். ஊர்ச் சுவர்ல கட்சிக்காரங்க வருசம் போட்டு இடம் பிடிச்சு வச்சிருப்பாங்க. எங்களுக்குக் கிடைச்சது காலனி முனையில தண்ணித் தொட்டிச் சுவர். சுண்ணாம்பு அடிச்சு, துணிக்குப் போடுற நீலப்பொடியைக் கரைச்சு, அண்ணல் அம்பேத்கரோட கோட்டுக்குப் பூசினேன். மழையில வெளுத்துடும். ஒவ்வொரு ஏப்ரல் 14க்கும் மறுபடி பூசணும். ஒரு வருசம் விடிஞ்சு பார்த்தா முகம் முழுக்கச் சாணி. கழுவிட்டு அன்னிக்கு ராத்திரியே திரும்ப வரைஞ்சேன். எவனோ நம்ம முகத்துல எறிஞ்ச அதே சாணியை அந்தப் பெண்கள் காகிதத்துக்கு முதல் பூச்சா ஆக்கியிருக்காங்க. அன்னையிலருந்து என் காகிதத்துக்கும் சாணித் தண்ணிதான்.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விசயத்துக்கு வரேன்.

எங்க அப்பா பறை அடிச்சவர். ஊர்ல சாவு விழுந்தா ஆள் வரும். காய்ச்சல்ல கிடந்தாலும் போயாகணும். வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சி, அடிக்குச்சி ஒரு கையில, சிண்டுக்குச்சி ஒரு கையில, பொணம் எடுக்கிறவரைக்கும் நின்னு அடிக்கணும். கூலின்னு பேசினதே இல்ல. கொஞ்சம் நெல்லு, கொஞ்சம் சாராயம். 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டு சமயத்துல எங்க தெருவே கூடி இனிமே அடிக்கறதில்லைன்னு முடிவெடுத்துச்சு. அப்பா பறையைப் பரண்மேல ஏத்தினார். அதுக்குப் பதிலா அந்த வருசம் எங்களுக்கு வயல் வேலை கிடையாது, ஊர்க் கடையில சாமான் கிடையாது. அம்மா ஆறு மைல் நடந்து போய் அரிசி வாங்கிட்டு வந்தாங்க.

அதுக்குச் சில வருசம் கழிச்சு, தலித் கலை விழாக்கள் நடந்துக்கிட்டிருந்த நேரம், நான் அப்பாவை வரைஞ்சேன். வெத்து உடம்பு, சிவந்த கண்ணு, மார்புல பறை, பக்கத்துல தீ. கண்காட்சியில வச்சாங்க. எல்லாரும் பாராட்டினாங்க. பெருமையா வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாகிட்ட காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார். படத்தைச் சுவர்ப் பக்கமாத் திருப்பி வச்சார். "யாரைக் கேட்டு வரைஞ்ச? நான் எறக்கி வச்சதை நீ ஏன்டா மறுபடி என் கழுத்துல மாட்டற?"

நான் விடல. பறை நம்ம கலைப்பா, விடுதலையோட குரல்ப்பான்னு மேடையில கேட்டதையெல்லாம் சொன்னேன். "உனக்குக் கலை. எனக்குக் கூலியில்லாத வேலை"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார்.

தோழர்களே, ரெண்டு பேரும் தப்பாப் பேசல. இழிவென்று சுமத்தப்பட்டதை உதறுவதா, கலையென்று மீட்டெடுப்பதா என்று நம் இயக்கத்துக்குள் நடந்த விவாதம்தான் அன்று எங்கள் திண்ணையில் நடந்தது. இன்னைக்குக் கல்லூரி மேடையில பொம்பளப் பிள்ளைங்க பறை அடிச்சு ஆடறதைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்குது. அவங்களை யாரும் 'வந்து அடி'ன்னு கூப்பிட்டு விடல. அப்பாவைக் கூப்பிட்டு விட்டாங்க. தோலும் கட்டையும் ஒண்ணுதான், அடின்னு சொல்றவன் யாருங்கறதுதான் வேற. என் படத்துல அந்த வித்தியாசம் இல்ல. அதில் நானும் ஊர்க்காரனைப்போல அவரைக் கூப்பிட்டு நிற்க வைத்திருந்தேன்.

அதுக்கப்புறம் என் வேலைமுறை மாறிடுச்சு. யாரை வரையறேனோ அவங்ககிட்ட முதல்ல உக்காந்து பேசறேன். எப்படி இருக்கணும்னு கேக்கறேன். முடிஞ்சதும் முதல்ல அவங்களுக்குத்தான் காட்டறேன். வேணாம்னா வேணாம்தான்.

செத்துப்போனவங்களைக் கேக்க முடியாதேன்னு நீங்க கேக்கலாம். நானும் அதுல முட்டிக்கிட்டேன். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி நெல் கூடக் கேட்ட மக்களில் 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். டிசம்பர் வந்தா அதை வரைவேன். தீ, கருகின உடம்பு, குழந்தை. பார்க்கிறவங்க 'ஐயோ பாவம்'னுட்டு நகர்ந்துடுவாங்க. ஒரு தோழர் ஜேக்கப் லாரன்ஸ் புத்தகத்தைக் குடுத்தார். அமெரிக்கக் கறுப்பர். 1940-41இல், இருபத்து மூன்று வயதில், தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்த கறுப்பு மக்களின் கதையை 60 சின்னப் பலகைகளில் தீட்டினார். ஒரு நிறத்தைக் கலக்கினால் அதை அறுபது பலகைக்கும் பூசி முடித்துவிட்டுத்தான் அடுத்த நிறம். கும்பல் தூக்கிலிட்டுக் கொன்றதைச் சொல்லும் பலகையில் பிணம் இல்லை. ஒரு கிளை, வெறும் சுருக்குக் கயிறு, குனிந்து உட்கார்ந்த ஓர் உருவம். அவ்வளவுதான். செத்தவனை இன்னொரு தடவை தொங்கவிட அவருக்கு மனசு வரலைன்னு நான் எடுத்துக்கிட்டேன்.

அந்த வருசம் வெண்மணிக்கு நான் வரைஞ்சது ஒரு மரக்கால், அது நிறைய நெல்லு, பின்னால சாத்தின கதவு. ஆள் யாருமில்ல. எடை போடுறவனுக்கு அளவைதானே முதல்ல கண்ணுல படும்! எங்க தெருவுல ஒரு பெரியம்மா பார்த்துட்டு, "இது கூலி மரக்கால்தானே, அடியில மெழுகு ஒட்டிக் குறைச்சு அளப்பானுங்களே"ன்னு ஆரம்பிச்சவங்க ஒரு மணி நேரம் நிறுத்தல. 'ஐயோ பாவம்'னு ஒரு வார்த்தை சொல்லல.

நேத்து ஒரு தம்பி கேட்டார்: நாம எப்பவும் துக்கத்தையேதான் வரையணுமா அண்ணேன்னு. இல்ல தம்பி. எங்க அப்பாகிட்டயே நான் ஒருநாள் கேட்டேன், உன்னை எப்படி வரையட்டும்னு. "சட்டை போட்டு, நாற்காலியில உக்காந்து, பேப்பர் படிக்கிற மாதிரி போடு"ன்னார். உனக்கு எழுத்துத் தெரியாதேப்பான்னேன். "படத்துலயாவது தெரியட்டுமே"ன்னார்.

அப்படியே போட்டேன். இது பொய்யா, யதார்த்தத்துக்கு விரோதமான்னு பல நாள் குழம்பியிருக்கேன். இப்ப குழப்பமில்ல. நடந்தது ஒரு உண்மைன்னா, நடக்கவிடாம தடுக்கப்பட்டதும் உண்மைதான். அவர் செத்தப்ப பறை அடிக்கலாமான்னு பசங்க கேட்டாங்க. அம்மா வேணாம்னுட்டாங்க. அந்தப் பேப்பர் படிக்கிற படத்தைத்தான் முன்னால தூக்கிட்டுப் போனோம்.

முதல் படத்தை நான் கிழிக்கல. பீரோவுக்குப் பின்னால அவர் திருப்பி வச்ச மாதிரியே இருக்கு. நல்ல படம்தான் அது. அதை வெளியே எடுக்க எனக்கு உரிமை இருக்கான்னு இன்னிக்கும் தெரியல. உங்ககிட்ட பதில் இருந்தா சொல்லுங்க.

ஒரே ஒரு வேலை தரேன். மூணு நாளா நீங்க வரைஞ்ச படங்களை இங்கே விட்டுட்டுப் போகாதீங்க. வீட்டுக்கு, தெருவுக்கு எடுத்துட்டுப் போங்க. யாரை வரைஞ்சீங்களோ அவங்ககிட்ட காட்டுங்க. திட்டினாலும் என்ன சொன்னாங்கன்னு படத்துக்குப் பின்னால எழுதிட்டு வாங்க. அடுத்த கூட்டத்துல படத்தைத் திருப்பி வச்சு, அந்தப் பக்கத்தைப் படிப்போம்.

ஜெய் பீம்.