துயிலெடை நிலை



உறங்கும் மன்னரைச் சூதர் ஏத்தி எழுப்புதலைத் துயிலெடை நிலை என்னும் தொல்காப்பியம். இன்று அம்மன்னன் பதினைந்து அகவை மகன். சூதரோ பெற்ற தாய்! 'எழுந்திரு கண்ணே' எனத் தொடங்கும் ஏத்து, நான்காம் முறையில் 'எருமையே' என முடிகின்றது. 'எழுந்துவிட்டேன் அம்மா' என்னும் மறுமொழியும் உறக்கத்தினின்றே வருகின்றது. ஐந்து மணிக்கே 'ஆறாயிற்று' என்று முழங்குவார் தந்தையார். அப்பொய்யை மகன் என்றோ அறிந்துகொண்டான்.

இதனைச் சோம்பல் எனப் பழித்தல் முறையன்று. வளரிளம் பருவத்தில் உடலின் உள்மணிப்பொறியே பின்தங்குகின்றது. உறக்கந் தூண்டும் மெலத்தோனின் இரவில் காலந்தாழ்த்தே சுரக்கின்றது. வேண்டும் உறக்கமோ 8 முதல் 10 மணி நேரம்! இதனை உணர்ந்தே கலிபோர்னிய மாநிலம் 2019-இல் சட்டம் இயற்றியது. 2022 சூலை முதல் அங்குப் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கலாகாது.

நம்மூரிலோ ஐந்தரைக்கே தனிப்பயிற்சி வகுப்பு. வீட்டுப்பாடம் முடிய இரவு பதினொன்று. இடையில் எஞ்சுவது ஆறரை மணி நேரம். அதிலும் அரைமணியைத் தாயின் ஏத்து எடுத்துக்கொள்கின்றது.