வெள்ளவத்தை மில் தரும் பாடம்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பள்ளிபாளையம், சங்ககிரி வட்டாரத்து மில்களிலும், நாமக்கல் கோழிப் பண்ணைகளிலும், காவிரிக் கரையின் வெல்ல ஆலைக் கொட்டகைகளிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த ஏழைகள் வேலை செய்கிறார்கள். "வடக்கத்தியான் வந்தான், நம் பிழைப்புப் போச்சு" என்று டீக்கடையில் பேசுகிறோம். அது பேச்சோடு நிற்கவில்லை. 2023-ல் ஜேடர்பாளையம் வட்டாரத்தில் ஒரு பெண் கொலையுண்டாள். குற்றவாளியைத் தண்டிக்கக் கோர்ட்டு இருக்கிறது. ஆனால் அதன் பின் பரவிய துவேஷத்துக்கிடையே, மே மாதத்தில் ஓர் இரவு, ஆலைக் கொட்டகையில் களைத்துத் தூங்கிய வெளிமாநிலத் தொழிலாளிகள் தீக்கு இரையாக்கப்பட்டார்கள். ஓர் இளம் தொழிலாளி மாண்டார். அவர் யாருடைய கூலியைப் பறித்தார்?

இந்தத் துவேஷம் எங்கே கொண்டு போய் விடும் என்பதை இலங்கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கா என்று ஒரு தொழிற்சங்கத் தலைவர் இருந்தார். சாதாரண ஆள் அல்ல. 1923-ல் பொது வேலைநிறுத்தம், 1929-ல் டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம், இரண்டையும் நடத்தியவர். சிங்களவர், தமிழர், மலையாளிகள் அவர் பின்னே ஒன்றாக நின்றார்கள். பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ஆட்குறைப்பும் கூலி வெட்டும் வந்தன. குணசிங்கா முதலாளியை விட்டுவிட்டு மலையாளித் தொழிலாளி மேல் பாய்ந்தார். "வந்தவனை வெளியேற்று" என்றார்.

1933-ல் கொழும்பு வெள்ளவத்தை பஞ்சாலையில் வேலைநிறுத்தம். தொழிலாளர்களில் பெரும்பாலோர் மலையாளிகள். அவர்களுக்குத் துணை நின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா என்ற சிங்கள இளைஞர். குணசிங்கா என்ன செய்தார்? தம் ஆட்களைக் கருங்காலிகளாக மில்லுக்குள் அனுப்பினார். துவேஷம் பேசிய சங்கத் தலைவர் முதலாளிக்கு ஆள் பிடிப்பவராக முடிந்தார்!

அத்தோடு விட்டதா? 1939-ல் சர்க்கார் வேலையிலிருந்த இந்தியத் தினக்கூலிகளுக்குச் சீட்டுக் கிழிந்தது. 1948-ல் தோட்டத் தமிழர்களின் பிரஜாவுரிமை பறிபோயிற்று. சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து கங்காணி கூட்டிப்போன நம் பாட்டன் பாட்டிமாரின் சந்ததிகள் அவர்கள். சட்டம் செய்த சர்க்காரின் மந்திரி சபையில் குணசிங்காவும் இடம் பெற்றார். 1949-ல் ஓட்டுரிமையும் போயிற்று. மிச்சமிருந்தவர்கள் பிரஜாவுரிமை பெற 2003 வரை காத்திருந்தார்கள்.

தமிழன் ஓட்டுப் போனதால் சிங்களத் தொழிலாளி வாழ்ந்தானா? 1953-ல் அதே கட்சியின் சர்க்கார் ரேஷன் அரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஆகஸ்டில் ஜனங்கள் ஹர்த்தால் செய்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டார்கள். தோட்டத் தொழிலாளியின் ஓட்டு முன்பு இடதுசாரிகளுக்குப் பலம் தந்தது. அது இருந்திருந்தால் இப்படித் துணிவு வந்திருக்குமா?

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1870-ல் நார்த் ஆடம்ஸ் ஊரில் செருப்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முதலாளி 75 சீனர்களைக் கொண்டுவந்து இறக்கினான். கோபமெல்லாம் சீனர் மேல் திரும்பியது. 1882-ல் சீனத் தொழிலாளர் நுழையத் தடைச் சட்டம். பத்து வருஷம் கழித்து, 1892-ல், ஹோம்ஸ்டெட் உருக்காலைத் தொழிலாளர்களின் சங்கத்தை முதலாளி கார்னகியின் கம்பெனி கூலிப்படையையும் ராணுவத்தையும் கொண்டு நசுக்கியது. சீனனை அடைத்த கதவு முதலாளியை அடைக்கவில்லை.

"அவன் குறைந்த கூலிக்கு வருகிறானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தக் கூலியை நிர்ணயித்தது யார்? அவனா? அவன் ஊரில் பிழைப்பு இல்லை; மில்லுக்குள்ளேயே விடுதி; கையில் காண்டிராக்டரின் அட்வான்ஸ் கடன். அவன் பயந்து கிடக்கும் வரையில் உங்கள் கூலியும் உயராது.

ஆகவே, தோழர்களே, ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று கேளுங்கள். போனஸ், பி.எப்., இ.எஸ்.ஐ. அவனுக்கும் சேர்த்துக் கேளுங்கள். சங்க நோட்டீசை ஹிந்தியிலும் ஒடியாவிலும் அடியுங்கள். விடுதி வாசலில் நின்று பேசுங்கள். சந்தாச் சீட்டை நீட்டுங்கள். ஊரில் வதந்தி கிளம்பினால், அந்தக் கொட்டகைக்கு முன்னால் முதலில் போய் நிற்பவர்கள் நாமாக இருக்க வேண்டும்.

கண்டிக்குப் போன நம் பாட்டனும் வந்தவன்தான்!