உள்ளே போகத் தெரிந்தால் போதுமா?

(பட்டிமன்றத் தலைப்பு: தொடக்கப் பள்ளியில் கணினிக் கல்வி, பிள்ளைகளுக்கு வரமா? சுமையா? ‘வரமே’ என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசிவிட்டு, இப்போது என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணிச் சகோதரி அவர்களே! அரங்கத்திலும் வீட்டுக் கூடத்திலும் அமர்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

சகோதரி ரொம்ப உருக்கமாகப் பேசினாங்க. “அஞ்சு வயசுப் பிள்ளைக்கு ‘அ’ எழுதவே இன்னும் விரல் வளையல. அதுக்குள்ள கம்ப்யூட்டரா? மண்ணுல விளையாட விடுங்கய்யா” என்றார்கள். கைதட்டல் வாங்கினார்கள். நானும் தட்டினேன். தட்டி முடித்துவிட்டுப் பார்க்கிறேன், அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் அவங்க பேரன் முன்வரிசையில் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தான். இவ்வளவு நல்ல பிள்ளையா என்று எட்டிப் பார்த்தேன். கையிலே பாட்டியோட போன்! (சிரிப்பு, கைதட்டல்)

கோபப்படாதீங்கம்மா, எங்க வீட்டுக் கதையும் அதுதான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தைப் பூட்டினோம். தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மறுபடி வகுப்பறைக்குள் வந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அந்த ஒன்றரை வருஷமும் “போனைத் தொடாதே” என்று சொன்ன அதே வாயால் “போனை எடுத்துப் படி” என்று சொன்னோம். கருவி பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதைப் பற்றிய பாடம் போய்ச் சேரவில்லை. கொடுக்கலாமா, வேண்டாமா என்கிற கேள்விக்குக் காலம் கடந்துவிட்டது ஐயா. சொல்லிக் கொடுத்தோமா என்பதுதான் இன்று கேள்வி.

கணினிப் பாடம் என்றால் பிள்ளையைத் திரைக்கு முன்னால் கட்டிப்போடுவது என்று எதிரணி நினைக்கிறது. நான் பார்த்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. மூன்றாம் வகுப்பு. ஆசிரியை சாக்பீஸால் தரையிலே கட்டம் போட்டார், பாண்டி விளையாடக் கட்டம் போடுவோமே, அந்த மாதிரி. ஒரு பையனை நிற்க வைத்தார். “இவன்தான் கம்ப்யூட்டர். சொன்னதைச் செய்வான். சொல்லாததைச் செய்ய மாட்டான். இவனை அந்த மூலையிலிருக்கிற மாம்பழத்துக்கிட்ட கொண்டு போங்க” என்றார்.

ஒரு சிறுமி எழுந்து “நாலு கட்டம் முன்னால போ, வலப்பக்கம் திரும்பு” என்றாள். இருந்தது மூன்று கட்டம். பையன் நேரே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். (சிரிப்பு) எங்கள் காலமாக இருந்தால் முட்டினவனுக்கு ஒன்று, முட்ட வைத்தவளுக்கு ஒன்று என்று பிரம்பு பேசியிருக்கும். அந்த ஆசிரியை என்ன கேட்டார் தெரியுமா? “தப்பு எந்த அடியில வந்தது? தேடுங்க பார்ப்போம்.” வகுப்பே சேர்ந்து தேடியது. நாலை மூன்றாக்கினார்கள். மாம்பழம் கிடைத்தது. அந்த வகுப்பில் மின்சாரமே தேவைப்படவில்லை ஐயா!

இது அந்த ஆசிரியையின் விளையாட்டுப் புத்தி மட்டுமல்ல. 1967லேயே அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய நண்பர்களும் சிறு பிள்ளைகளுக்காக ‘லோகோ’ என்று ஒரு கணினி மொழியை உண்டாக்கினார்கள். பின்னாலே அதில் ஓர் ஆமை வந்தது. முன்னால் போ, திரும்பு என்று பிள்ளை சொன்னால் ஆமை போகும், கோடு போடும். கோடு கோணலானால் பிள்ளை தன் கட்டளையைத் திருத்தும். தப்பு என்பது தண்டனைக்கு அல்ல, திருத்துவதற்கு. கணினிக் கல்வியின் முதல் பாடம் இதுதான்.

அமெரிக்காவை விடுங்கள். மார்கழி மாதம் நம் வீட்டு வாசலில் என்ன நடக்கிறது? புள்ளி வைத்து, வரிசை எண்ணி, எங்கே வளைக்க வேண்டும், எங்கே சேர்க்க வேண்டும் என்று ஒழுங்கு தப்பாமல் கோலம் போடுகிறார்களே, அதிலே விதி இருக்கிறது என்று கண்டார்கள் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும், அவர் துணைவியார் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும். 1974லேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சகோதரி, உங்க வீட்டு வாசலிலே உங்க அம்மா தினமும் போட்டது கணினிப் பாடம்! (பலத்த கைதட்டல்)

அடுத்து எதிரணித் தலைவர் ஒரு குண்டு போட்டார். “ஆஸ்திரேலியாவைப் பாருங்க. 2025 டிசம்பர் 10லேருந்து பதினாறு வயசுக்குக் கீழே சமூக வலைத்தளக் கணக்கே கிடையாதுன்னு பூட்டிட்டாங்க” என்றார். உண்மைதான். ஆனால் ஐயா, அவர்கள் அந்த நிறுவனங்களின் வாசலைப் பூட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் கணினிப் பாடத்தைப் பூட்டவில்லையே! வாசலுக்குப் பூட்டு வேண்டியதுதான். அதற்காக, ஆற்றுக்கு வேலி போட்டுவிட்டோம், இனி பிள்ளைக்கு நீச்சல் வேண்டாம் என்று யாராவது சொல்வோமா?

கோடு போட்டு நிறுத்தினால் போதும் என்பவர்களுக்கு ராமாயணத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். இலக்குவன் கோடு கிழித்தான் என்று கதை சொல்கிறோமே, அந்தக் கோடு வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. இரண்டிலும் இருப்பது என்ன? வேடம்! இராவணன் பத்துத் தலையோடு வந்து நிற்கவில்லை. துறவி வேடத்தில் வந்தான். இன்றைக்கு இணையத்தில் வருகிறவனும் அப்படித்தான். “நானும் மூணாங்கிளாஸ்தான், எனக்கும் நாய்க்குட்டி பிடிக்கும்” என்று வருவான். அவனுக்கு நாற்பது வயது இருக்கும். கற்றறிந்த சீதைக்கே தெரியாத வேடம், எட்டு வயதுப் பிள்ளைக்குத் தானாகத் தெரிந்துவிடுமா? யாராவது சொல்லித்தர வேண்டாமா?

இப்போது ஒன்று சொல்லப் போகிறேன். இதை மேடையிலே சொல்ல எனக்கு வெட்கம்தான். இருந்தாலும் சொல்கிறேன்.

என் மகளின் பையன், எட்டு வயது. என் போனில் ஒரு விளையாட்டு விளையாடுவான். அதற்குள்ளேயே முகம் தெரியாத ஒருவன் பேச்சுக் கொடுத்திருக்கிறான். “உனக்கு ஆயிரம் தங்கக் காசு தர்றேன். போன்ல ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லு” என்றிருக்கிறான். பிள்ளை சொல்லிவிட்டான். 900 ரூபாய் போய்விட்டது. என் வங்கியிலிருந்து வந்த செய்தியைப் பார்த்ததும் அவனுக்கே புரிந்துவிட்டது. விளையாட்டுக் காசு இல்லை, தாத்தாவின் காசு.

அந்த நிமிஷம் என்னிடம் ஓடி வந்திருக்கலாம். வரவில்லை. ஏன்? அதற்கு முந்தின வாரம்தான் நான் சொல்லியிருந்தேன், “போன்ல ஏதாவது கெடுத்தே, முதுகுத்தோலை உரிச்சிடுவேன்” என்று. அந்த ஆள் மறுநாளும் வந்தான். “உங்க தாத்தாகிட்ட சொல்லிடுவேன். இன்னொரு நம்பர் சொல்லு. வந்த மெசேஜை அழிச்சிடு” என்றான். 1,500 போனது. மூன்றாம் நாள் 4,000 போனது. பணத்தை விடுங்கள். மூன்று நாளும் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரி தூக்கத்தில் எழுந்து அழுதான். பாட்டி வேப்பிலை அடித்தாள். நான் காய்ச்சல் மருந்து கொடுத்தேன்.

அந்தத் திருடன் கையிலே கத்தி இல்லை ஐயா. என் பேரனை மிரட்ட அவன் வைத்திருந்த ஆயுதம் என் பெயர்தான். (அரங்கில் அமைதி)

நாலாம் நாள் பிள்ளை சொன்னான். யாரிடம்? முனைவர் பட்டம் வாங்கிய தாத்தாவிடம் இல்லை. வகுப்பு ஆசிரியையிடம். காரணம், அன்றைக்கு வகுப்பில் அவர் சொல்லியிருக்கிறார்: “போன்ல எது தப்பாப் போனாலும், நீங்களே தப்புப் பண்ணியிருந்தாலும், எங்கிட்ட சொல்லுங்க. திட்ட மாட்டேன். சேர்ந்து சரி பண்ணுவோம்.” கட்டத்தில் முட்டிக்கொண்டவனை அடிக்காத அதே பாடம்!

இணைய மோசடிக்கு 1930 என்ற எண்ணைக் கூப்பிட்டோம். உடனே சொன்னால், பணம் கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் மூன்று நாள் தாமதம். போன பணம் போனதுதான். அந்த மூன்று நாளைத் தொலைத்தவன் என் பேரன் இல்லை, நான்.

இங்கிலாந்தில் 2014 செப்டம்பரிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைக்கே கணினிப் பாடம் உண்டு. அந்தச் சின்ன வயதுப் பாடத்திட்டத்திலேயே, சொந்த விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதோடு, மனதுக்குச் சங்கடமாக எதையாவது பார்த்தால் யாரிடம் போய் உதவி கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் அதைத்தான் கேட்கிறேன். பெயர், பள்ளி, வீடு இருக்கும் தெரு, போனில் வரும் எண், இவை நம் வீட்டுச் சாவி, வெளியாளிடம் கொடுக்காதே. ‘அம்மாகிட்ட சொல்லாதே’ என்று எவன் சொன்னாலும், அதைத்தான் முதலில் அம்மாவிடம் சொல். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் டீச்சரிடம் சொல். அங்கேயும் முடியாவிட்டால் குழந்தைகளுக்கென்றே 1098 என்ற எண் இருக்கிறது. கூட்டல் கழித்தல் படிக்கிற வயதில் இதையும் படித்துவிடலாம். ஒரு சுமையும் இல்லை.

பள்ளிக்கூடம் இவ்வளவு சொல்லித்தரட்டும். வீட்டிலே நாம் படிக்க வேண்டியது ஒரே ஒரு வரி: “சொல்லு கண்ணு, திட்ட மாட்டேன்.” இப்போது என் பேரன் தினமும் என் போனை வாங்கி, வந்த செய்தியெல்லாம் படித்து, “தாத்தா, உங்களுக்கு லாட்டரி விழுந்திருக்காம், அமுக்கிடாதீங்க” என்று எனக்குப் பாடம் எடுக்கிறான். (சிரிப்பு, கைதட்டல்)

முடிக்கிறேன் ஐயா, மணி அடிக்காதீங்க. அபிமன்யுவுக்குச் சக்கர வியூகத்துக்குள்ளே போகத் தெரியும். வெளியே வரத் தெரியாது. நம் பிள்ளைகளுக்கும் உள்ளே போக யாரும் சொல்லித்தர வேண்டாம்; விரல் தானாகப் போகிறது. வெளியே வருகிற வழியைத்தான் நாம் சொல்லித்தர வேண்டும். அந்த வழி தொடங்குகிற இடம் தொடக்கப் பள்ளி. அது வந்து சேர்கிற இடம் நம் மடி.

ஆகவே நடுவர் அவர்களே, வரமே என்று நல்ல தீர்ப்பைத் தாருங்கள். (பலத்த கைதட்டல்)